கண்மாயில் எனக்கும் ஒரு பங்கு

எனக்கு ஊரில் ஒரு சென்ட் நன்செய்கூடக் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் அக்கா கல்யாணத்துக்கு அப்பா விற்றுவிட்டார். நிலம் போனதோடு கண்மாயும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதற்கு முன்னால், மழைக்காலம் நெருங்கினால் கரையைப் பலப்படுத்த, வரத்துக்காலில் தூர் எடுக்க, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அப்பா மண்வெட்டியோடு கிளம்புவார். நிலம் கைமாறிய பிறகு அவரைக் கூப்பிட யாரும் வரவில்லை. நான் படித்து, அருப்புக்கோட்டையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். பாளையம்பட்டியிலேயே குடியிருந்தும் கண்மாய் எனக்கு, பெருகியதா காய்ந்ததா என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிற சேதியாகத்தான் இருந்தது.

என்னைத் திரும்பவும் கண்மாய்க்குக் கொண்டுபோனது சர்க்கரை நோய். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அந்தக் கணக்கில் நானும் ஒருவன். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டாக்டரும் அதையேதான் சொன்னார். நடந்தேன். ஒரு தூறல், ஒரு விசேஷ வீடு, தூக்கம் கெட்ட ஓர் இரவு, ஏதாவது ஒன்று வந்து நடையை நிறுத்திவிடும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஓய்வு பெற்றவனுக்கு உடம்பைவிட இதுதான் பெரிய வருத்தம் என்று இப்போது வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது. என்னை எதிர்பார்த்து எங்கும் எந்த வேலையும் நிற்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தெருப் பையன் ஒருவன் கூப்பிட்டான். வாலிபால் விளையாடுகிற பையன்களும் காலையில் நடக்கிறவர்கள் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரைக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். “சித்தப்பா, ரோட்டுல தனியா நடக்கிறதுக்கு எங்ககூட வாங்களேன். ஒரு கை குறையுது” என்றான். ஊர் நன்மை, நீர்வளம் எதுவும் அன்றைக்கு என் மனசில் இல்லை. “ஒரு கை குறையுது” என்ற அந்த வார்த்தைக்காகவும் என் சர்க்கரைக்காகவும்தான் போனேன்.

விடிவதற்குள் கிளம்பி, கரை வரைக்கும் வேகமாக நடப்போம். அங்கே ஒரு மணி நேர வேலை. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். என்ன வேலை என்பதைக் கரிசல் மண் சொல்லும். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும், மண்வெட்டி இறங்காது. அந்த மாதங்களில் மடைக்குப் பக்கத்திலும் கரைச் சரிவிலும் கிடக்கிற பாட்டில், பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குவோம். வரத்துக்காலில் குப்பை அடைத்த இடங்களைத் திறந்துவிடுவோம். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை சேகரித்துக் கரையின் வெளிச்சரிவில் ஊன்றுவோம். பனைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. முளை முதலில் மண்ணுக்குள் இறங்கி ஈரத்தைத் தேடிக்கொண்ட பிறகுதான் இலை மேலே வரும். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்ததும் சீமைக்கருவேலக் கன்றுகளைப் பிடுங்குவோம்.

இந்தக் கன்று பிடுங்குகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம், விறகுக்காகவும் வேலிக்காகவும் இந்த வறண்ட சீமையில் பரவியது. ஆடு மாடு காயைத் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. வேர் மிஞ்சிய இடங்களில் மரம் மறுபடியும் வந்தது. ஆனால் முதல் மழைக்கு முளைத்த கன்று, ஈர மண்ணில் ஒரே இழுப்பில் வேரோடு வந்துவிடும். ஒரு வருஷம் விட்டால் அதற்கே கடப்பாரை வேண்டும். வளர்ந்த மரத்தில் நாங்கள் கைவைப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. கண்மாய் மரம் ஏலத்துக்கு உரியது. அதில் பலருடைய சாப்பாடு இருக்கிறது. புதிதாக முளைப்பதைத் தடுப்பது மட்டுமே எங்கள் வேலை.

குனிந்து, இழுத்து, நிமிர்ந்து, தட்டைச் சுமந்து நடக்கும்போது காலும் தொடையும் முதுகும் சேர்ந்து உழைக்கின்றன. உழைக்கிற தசை, இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். இதனால்தான் நடையோடு தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். அதே சமயம், என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஆபத்தும் உண்டு. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு அது குத்தியதே தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். கெட்டியான பூட்ஸ் இல்லாமல் யாரும் உள்வாயில் இறங்கக் கூடாது என்பது எங்கள் முதல் சட்டம். மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் வரக் கூடாது. சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்க வேண்டும். கை நடுங்கி வேர்த்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு பெண்மணி. நூறு நாள் வேலைக்கு வருகிறவர். ஒரு நாள் வரத்துக்காலில் நாங்கள் மண் அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். “என்னங்கய்யா, நீங்கபாட்டுக்குச் சும்மா வெட்டிப் போட்டுட்டா, நாளைக்கு எங்களுக்கு வேலை எங்க இருக்கும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் எங்கள் வியர்வைக்கு இருந்த பெருமையெல்லாம் சின்னதாகிவிட்டது. கண்மாய் தூர்வாருவதும் வரத்துக்கால் வெட்டுவதும் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் கூலிக்குரிய வேலைகளாக இருந்தன. 2024-25-ல் தமிழ்நாட்டில் அதற்கு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. எனக்கு உடற்பயிற்சியாக இருக்கிற மண்வெட்டி அவருக்கு அடுப்பு. வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய் ஓய்வெடுப்பேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்க வேண்டும். அன்றிலிருந்து, கூலி வேலைப் பட்டியலில் வரக்கூடிய மண் வேலை எதையும் நாங்கள் தொடுவதில்லை. அந்தப் பெண்களிடமும் ஊராட்சியிலும் கேட்டு, யாருக்கும் கூலியில்லாமல் கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கூட்டாகச் செய்கிற எந்த நல்ல காரியமும் அதே இடத்தில் பிழைக்கிறவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதை அவரிடம்தான் படித்தேன்.

அப்பா செய்த குடிமராமத்து வேலையை அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். கண்மாயில் பாசனம் பெறுகிறவர்களே அதைப் பராமரிப்பது என்ற அந்த முறை மிகப் பழையது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்து, முறை வேலைக்கு வராதவர்களிடம் பணம் தண்டவும் வழிசெய்தது. சட்டம் இருந்தும் வழக்கம் தேய்ந்துகொண்டே போனது. 2017-ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பணமும் இயந்திரமும் தூரை எடுத்துவிடும். ஆனால் வருஷம் முழுவதும் கரையில் நடந்து, எங்கே எலி வளை, எங்கே கசிவு, எங்கே அடைப்பு என்று பார்க்கிற கண் ஒன்று வேண்டும். முன்பு அந்தக் கண் ஆயக்கட்டுக்காரருடையது. இப்போது பலர் போர்வெல்லுக்கு மாறிவிட்டார்கள். பலருடைய பிள்ளைகள் மில்லுக்கும் தறிக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். கண்மாய் நிறைந்தால் ஊர்க் கிணறுகளிலும் போர்வெல்லிலும் தண்ணீர் ஊறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கரைக்குப் போக வேண்டிய முறை யாருக்கும் இல்லை.

நிலம் இல்லாதவனுக்கும் சம்பளக்காரனுக்கும் ஓய்வு பெற்றவனுக்கும் அந்த முறையைத் திரும்பக் கொடுக்க உடம்பால் முடியும் என்று நான் நம்புகிறேன். எங்களுக்கு நடை வேண்டும். கண்மாய்க்கு நடக்கிற ஆள் வேண்டும். இரண்டு தேவையும் ஒரே கரையில் சந்திக்கின்றன.

இது எங்கள் ஊரில் மட்டும் தோன்றிய யோசனை இல்லை. கோயம்புத்தூரில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017-ல் பேரூர் பெரியகுளத்தில் இறங்கி, ஞாயிறுதோறும் குளங்களில் வேலை செய்வதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கிய குட்ஜிம் என்ற அமைப்பில், ஓட்டப் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஓடிப்போய் ஒரு பொதுத் தோட்டத்தைச் சீர்செய்கிறார்கள், தனியாக இருக்கிற முதியவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு ஓடித் திரும்புகிறார்கள். நமக்கோ இதற்கு இன்னும் ஆழமான வேர் இருக்கிறது. திருநாவுக்கரசரின் தோளில் உழவாரப்படை இருப்பதைக் கோயிலுக்குப் போகிற எல்லாரும் பார்த்திருக்கிறோம். புல் செதுக்கிய கையையே பக்தியாகக் கும்பிட்ட நாடு இது. இன்றைக்கும் கோயில்களில் குழுவாக உழவாரப்பணி செய்கிறார்கள். அந்தக் கை கண்மாய்க் கரைக்கும் நீள வேண்டும்.

லண்டன்காரர்களைப் பார்த்து நாங்களும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற ஓர் ஆச்சி வீட்டு வாசலில் நின்று, குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் திண்ணையில் எங்களுக்காகக் காத்திருக்கிறார். அவர் காத்திருப்பது தெரிவதால் நாங்கள் ஒரு வாரமும் தவறுவதில்லை.

என் சர்க்கரை முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. மூன்று மாதச் சராசரி மட்டும் டாக்டர் திருப்திப்படும் இடத்துக்கு வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம், ஞாயிற்றுக்கிழமைக்குப் போவதற்காக மற்ற நாட்களிலும் நடக்கிறேன். கூட்டத்தில் பின்தங்கக் கூடாது என்ற எண்ணம், எனக்காக நானே போட்ட எந்தத் திட்டத்தைவிடவும் வலுவாக என்னை எழுப்புகிறது.

உங்கள் ஊரிலும் நடக்கச் சொல்லப்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள். நடக்க ஆளில்லாத கரையும் இருக்கும். நாலு பேர் சேருங்கள். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களிடம் முதலில் பேசுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கிற கிராம சபையில் எழுந்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். பூட்ஸ் வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலையாக எடுங்கள். அதை ஒவ்வொரு வாரமும் செய்யுங்கள். நிலம் இல்லை என்பது இனி ஒரு காரணம் ஆகாது. கண்மாய்த் தண்ணீரைக் குடிக்கிற உடம்பு யாருக்கு இருக்கிறதோ, அவருக்குக் கண்மாயில் பங்கு இருக்கிறது, வேலையும் இருக்கிறது.