நூலை அறுக்கும் கருவி

வானத்தில் குதித்தவர் பாதியிலேயே மயங்கிவிட்டால் பாராசூட்டை யார் விரிப்பது? 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ் (தீவு அல்ல!) அதற்கான கருவிதான். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். சுமார் 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், சிறு வெடிமருந்து ஒரு கத்தியைத் தள்ளி, ரிசர்வ் பாராசூட் பையைக் கட்டியிருக்கும் நூலை அறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை! உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் குட்டிப் பாராசூட்டைத் துள்ள வைக்க, அது பெரியதை இழுத்து விரிக்கும். நொடிக்கு 50 மீட்டர் வேகமென்றால் தரைக்கு நாலரை நொடிதான்.

தேவையில்லாதபோது அறுத்தாலோ, இரண்டு பாராசூட்டும் சிக்கிக்கொள்ளலாம். பழைய கருவிகளை அனுபவசாலிகள் ஒதுக்கியது இந்தப் பயத்தால்தான். பாராசூட் விரிந்தால் வேகம் குறையும், சைப்ரஸும் சும்மா இருக்கும். தரைக்கருகே வேகமாக வளைந்து இறங்கும் சாகசக்காரர்களுக்கு மட்டும் 43 மீட்டர் வரம்புள்ள தனி மாடல்.