நூறு டன் பிழை

புறப்படும்போது ஒரு விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசியது என்று செய்தி வந்தால், விமானி அவசரப்பட்டு மூக்கைத் தூக்கிவிட்டார் என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. நொடிக்கு இரண்டு மூன்று பாகை என்று நிதானமாக உயர்த்த வேண்டிய மூக்கை வெடுக்கென்று இழுத்தால், நீண்ட உடல் கொண்ட விமானத்தின் வால் தரையைத் தொட்டுவிடும். ஆனால் பெரிய உரசல்களின் விசாரணை அறிக்கைகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், விமானியின் கையைவிட ஓர் எண்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 2003 மார்ச் 12 அன்று ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் 347 டன் எடை கொண்டிருந்தது. கணக்கிட்டதோ 247 டன்னுக்கு. மூக்கைத் தூக்க வேண்டிய வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் குறைவாகக் குறிக்கப்பட்டது. வால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தேய்ந்துகொண்டே போனது. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 விமானத்துக்கு 362.9 டன் என்று பதிய வேண்டிய இடத்தில் 262.9 என்று பதிவானது. ஓடுபாதை முடிந்த பிறகும் தரையை விடாமல், விளக்குகளையும் ஆண்டெனாவையும் இடித்துவிட்டுத்தான் அது மேலெழுந்தது. 2024 ஜூலை 9 அன்று மிலானின் மால்பென்சா நிலையத்தில் லத்தாம் நிறுவனத்தின் போயிங் 777 எழுநூறு மீட்டருக்கும் மேல் வாலைத் தேய்த்தபோதும், கணக்கில் குறைந்திருந்தது சுமார் நூறு டன்தான். மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கின. இருபத்தோரு ஆண்டுகள், மூன்று நாடுகள், மூன்று நிறுவனங்கள். பிழை மட்டும் ஒன்றே.

எடையில் வரும் பிழை வாலை உரசவைப்பது எப்படி? எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது, இன்ஜினுக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்ற இரண்டையும் முடிவு செய்வது எடைதான். இன்ஜின் தேய்மானத்தைக் குறைக்க, பெரும்பாலான புறப்பாடுகளில் முழு விசையைக் கொடுப்பதில்லை. அன்றைய எடைக்குப் போதுமான அளவே கொடுக்கிறார்கள். எடை குறைத்துப் பதிவானால் வேகமும் விசையும் சேர்ந்தே குறைகின்றன. இறக்கை தூக்கத் தயாராகும் முன்பே மூக்கு உயர்கிறது. விமானம் எழாததால் மூக்கு மேலும் உயர, வால் தரைக்கு வருகிறது. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. மணல் லாரியைக்கூட எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறோம். முந்நூறு டன் விமானத்தை ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்பும் யாரும் நிறுப்பதில்லை. வெற்று விமானம், எரிபொருள், சரக்கு, பயணிகளுக்கான சராசரி எடை என்று கூட்டிச் சொல்வதுதான் அந்த எண். ஆக்லாந்திலும் மெல்போர்னிலும் அந்தக் கூட்டல் சரியாகவே இருந்தது. அங்கிருந்து அடுத்த இடத்துக்கு எடுத்து எழுதும்போது ஓர் இலக்கம் மாறியது. மாறிய இலக்கத்தை எந்தக் கருவியும் மறுத்துப் பேசவில்லை.

விமானிகள் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சரிபார்க்கும் முறைகள் மெல்போர்னில் ஒன்றல்ல, பல இருந்தன. பிழை அத்தனையையும் தாண்டிப் போனது. ஒருவர் பதிந்த எண்ணை இன்னொருவர் படித்து ஒப்புவிப்பதால் பிழை பிழையாகவே உறுதிப்படவும் கூடும். 262.9 டன் என்பது அபத்தமான எண்ணும் அல்ல. குறைந்த தூரம் பறக்கும் நாளில் அதே விமானத்துக்குப் பொருந்தக்கூடியது. ஓடும்போது உடலால் உணர முடியாதா என்றால், நாளுக்கு நாள் விசை மாறுவதால் இயல்பான வேகமெடுப்பு எது என்பது விமானியின் உடலில் பதிவதில்லை. இதை ஆஸ்திரேலிய விசாரணையே சுட்டிக்காட்டியது. களைப்பும் சேர்ந்துகொள்வதுண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 2004 அக்டோபர் 14 அன்று எம்.கே. ஏர்லைன்ஸின் சரக்கு விமானக் குழு நீண்ட பணிநேரத்தால் களைத்திருந்தது. முந்தைய பயணத்தின் 240 டன் எடையே கணக்கில் நின்றது; உண்மை எடை 353 டன். வால் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த மண்மேட்டில் மோதி, விமானத்திலிருந்த ஏழு பேரும் இறந்தனர். களைத்த மனிதரிடம் இன்னும் கவனமாக இரு என்று சொல்வதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

விமானம் தன் வேகமெடுப்பைத் தானே அளந்து, கணக்கோடு ஒப்பிட்டு, போதவில்லை என்றால் எச்சரிக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் விபத்துக்குப் பிறகு கனடாவின் விசாரணை வாரியம் 2006-லேயே இதைப் பரிந்துரைத்தது. இதற்கு வரும் வலுவான மறுப்பு, பொய் எச்சரிக்கை. அதிவேகத்தில் ஓடும் விமானத்தை வீணாக நிறுத்துவது உரசலைவிட ஆபத்தானது. அது நியாயமான அச்சம்; ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. ஏர்பஸ் தன் புதிய விமானங்கள் சிலவற்றில் பொருத்தும் முறை, வேகம் குறைவாக இருக்கும்போதே, பாதுகாப்பாக நிற்கக்கூடிய கட்டத்திலேயே ஒப்பிட்டு முடிக்கிறது. நூறு டன் வித்தியாசத்தைப் பிடிக்கக் கிலோ அளவிலான துல்லியமும் தேவையில்லை. வால்தானே உரசியது, செப்பனிட்டுக்கொள்ளலாம் என்ற அலட்சியமும் தவறு. 1978-ல் ஒசாகாவில் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 பிழையாகச் செப்பனிடப்பட்டு, 1985-ல் 520 உயிர்களைக் கொண்டுபோனது. ஹாங்காங்கில் 1980-ல் உரசிய சைனா ஏர்லைன்ஸ் விமானம் 2002-ல் வானில் சிதறி 225 பேர் இறந்தனர். இரண்டும் தரையிறங்கும்போது நேர்ந்தவை என்றாலும், வாலில் ஏற்படும் சேதம் எப்போது ஏற்பட்டாலும் சேதம்தான்.

நமக்கும் இதில் பங்குண்டு. 2018 அக்டோபர் 12 பின்னிரவில் 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் திருச்சி நிலையத்தின் ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு பறந்து, பிறகு மும்பையில் இறங்கியது. அங்கே எடை பிசகவில்லை. ஓட்டத்தின் நடுவில் இன்ஜின் விசை தற்செயலாகக் குறைந்துபோனது. காரணம் வேறு, ஆனால் ஓட்டம் முழுவதும் வேகமெடுப்பைக் கவனித்து, போதவில்லை என்று சொல்லும் ஒரு கருவி விமானி அறையில் இருந்திருந்தால், அது அந்தக் குறைவைக் காட்டியிருக்கக்கூடும். 2023-ல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்துள்ளன. இவ்வளவு வாங்கும் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், வேகமெடுப்பைக் கண்காணிக்கும் கருவி இல்லாத புதிய விமானத்தை இனி பதிவு செய்யமாட்டோம் என்று ஒரு தேதி குறித்து அறிவிக்க வேண்டும்.