ஐந்தாவது ஈத்தில் தெரியும் வண்டியின் குணம்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் காந்திபுரம் பரபரப்பாகிவிடுகிறது. அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், அவினாசிப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் ஆட்களை இறக்கிவிட, அவர்கள் நூறடி ரோடு, கிராஸ்கட் ரோடு, நஞ்சப்பா ரோடு என்று பிரிந்து போகிறார்கள். ஒருவருக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் வேண்டும். இன்னொருவருக்குக் கல்யாண ஜவுளி. அன்னூர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்தது, புது வண்டி பார்க்க.

ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். பழைய மொபெட் பத்து வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. புது வண்டி என்றால் கிட்டத்தட்ட ஒரு நல்ல கலப்பினப் பசுவின் விலை. அதையும் தவணையில்தான் வாங்கியாக வேண்டும். வண்டி வழியில் நின்றால் அந்த வேளைப் பால் கெடும். தவணை மட்டும் நிற்காது.

கல்லூரியில் படிக்கும் மகன், ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்த விமர்சனத்தைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார். பத்துக்கு எட்டரை மார்க் வாங்கிய வண்டி அது. அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரர் முதலில் போனது ஷோரூமுக்கு அல்ல. காந்திபுரத்தை ஒட்டிய காட்டூரில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் மெக்கானிக்கிடம்.

“ஏனுங்கண்ணா, இந்த வண்டி எப்படிங்க?”

மெக்கானிக் தாளை வாங்கவில்லை. “பால் எவ்வளவு போகுதுங்க?”

“காலைல முப்பது லிட்டரு, சாயந்தரம் இருபத்தஞ்சுங்க.”

“ரோடு?”

“ஒண்ணரைக் கிலோமீட்டர் இட்டேரிங்க. மழை பேஞ்சா கரிசல் சக்கரத்துல அப்பிக்கும்.”

“அப்ப இந்த மார்க்கு உங்களுக்குப் போட்டது இல்லீங்க. தார் ரோட்டுல, ஒத்தை ஆளு ஓட்டிப் பாத்துப் போட்டதுங்க.”

விமர்சனம் எதைப் பார்க்கிறது?

பத்திரிகை விமர்சனம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அது பார்ப்பது வேறு. கம்பெனி கொடுக்கும் புத்தம் புது வண்டியைச் சில நாட்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டி எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கும் முறை. கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இப்படிப்பட்ட ஓடுதளத்தில் வண்டியை வளைத்து ஓட்டினால் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, வளைவில் டயர் எப்படி நிற்கிறது, இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். அந்த விஷயங்களில் விமர்சனத்தை நம்பலாம். பல வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிடும் வாய்ப்பு விவசாயிக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் நான்காவது வருடம் செயின் எப்படி இருக்கும், இட்டேரிப் புழுதியில் ஏர் ஃபில்டர் எத்தனை நாள் தாங்கும், இரண்டு பக்கமும் கேன் தொங்கினால் பின் ஷாக் அப்சார்பர் எப்போது எண்ணெய் கக்கும் என்பதெல்லாம் சில நாளில் தெரியாது. புளியம்பட்டி மாட்டுச் சந்தைக்குப் போகும் எந்த விவசாயிக்கும் இது புதிதல்ல. தலைச்சன் ஈத்தில் மாடு பளபளவென்றுதான் இருக்கும். பல்லைப் பிடித்துப் பார்த்து, மூன்று வேளை கறந்து பார்த்து வாங்குகிறார்கள். அப்படியும், ஐந்தாவது ஈத்தில் மடி எப்படி இருக்கும் என்பது வளர்த்தவருக்குத்தான் தெரியும்.

வைத்திருந்தவர்கள் போட்ட மார்க்

ஓசூரில் தயாராகி 1980-ல் வந்த டி.வி.எஸ். 50, இருவர் உட்காரும் மொபெட். கியர் கிடையாது, எடை குறைவு. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். 100, 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு அறிமுகமானது. 99.7 சி.சி., 16 அங்குலச் சக்கரம். வேகத்தையும் அழகையும் பார்த்து மார்க் போட்டால் இது மேலே வராது. ஆனால் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் புண்ணாக்கு மூட்டையும் தட்டுக்கட்டும் வைக்கலாம். கொங்கு நாட்டில் காலை ஆறு மணிக்கு எந்தப் பால் சொசைட்டி வாசலுக்குப் போனாலும், விவசாயிகள் இதற்குப் போட்ட மார்க் வரிசையாக நிற்கும்.

1994-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரும் அப்படித்தான். 1985-ல் வந்த சி.டி. 100-ன் 97.2 சி.சி. இன்ஜின் வழியிலேயே அது நீண்ட காலம் ஓடியது. புதுமை தேடுபவருக்கு இது குறை. மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிக்கத் தெரியும், உதிரி பாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும் என்பது, வைத்திருப்பவருக்கு நிறை.

சொந்தக்காரர் சொல்வதும் முழு உண்மையா?

அதுவும் இல்லை. காசு போட்டு வாங்கியவர் தன் வண்டியை லேசில் குறை சொல்ல மாட்டார். நொந்துபோனவரோ ஊரெல்லாம் சொல்வார். நன்றாக ஓடும் வண்டிக்காரர் பேசுவதே இல்லை. பழைய நினைப்பும் கண்ணை மறைக்கும். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அது ஆசைக்கு வாங்குவது. பால் கேனுக்கு அல்ல.

மெக்கானிக்கின் பார்வைக்கும் எல்லை உண்டு. கால்நடை மருத்துவரிடம் நோய்ப்பட்ட மாடுதான் வரும். பட்டறைக்கும் பழுதான வண்டிதான் வரும். தெருவில் அதிகம் ஓடும் வண்டி, பட்டறையிலும் அதிகம் நிற்கும். அதை வைத்து, அந்த வண்டி மோசம் என்று முடிவுகட்ட முடியாது.

பெட்ரோலும் கணக்கை மாற்றுகிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து வரும் எத்தனால், விவசாயிக்கு ஒரு சந்தை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் வருட அறிக்கையே மதிப்பிட்டது. ஆக, ஐந்து வருடத்துக்கு முன்பு ஒருவர் சொன்ன மைலேஜும், ஆய்வகத்தில் உருளைமீது ஓட்டி எடுத்த மைலேஜும், இன்று கேன் கட்டி ஓட்டும்போது கிடைக்கும் மைலேஜும் ஒன்றாக இருக்காது.

பிரித்துப் பார்த்த ஊர்

வண்டியைப் பற்றி ஊகிக்காமல் பிரித்தே பார்த்துவிடுவது கோவைக்குப் பழக்கம். சூலூர் அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். விலை 300 ரூபாய் என்பார்கள். வாங்கியதும் நட்டு நட்டாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பூட்டினார். பிறகு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியவர், அதை யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்த்தார். காட்டூரிலும் கணபதியிலும் இன்றைக்கும் பையன்கள் தொழில் கற்பது இப்படிப் பிரித்துப் பூட்டித்தான்.

அந்த வழக்கத்தில்தான் காட்டூர் மெக்கானிக்கும், தோட்டக்காரருக்கு யோசனை சொன்னார்.

“வண்டி எப்படின்னு யாரையும் கேக்காதீங்க. நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. என்ன மாத்துனீங்கன்னு கேளுங்க.”

கேட்க வேண்டிய கேள்விகளை அவரே அடுக்கினார். நாலைந்து வருடமாக, இதே மாதிரிப் பாரம் ஏற்றி ஓட்டுகிறவராகக் குறைந்தது மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? செயினும் பல்சக்கரமும் எத்தனை முறை மாற்றினார்கள்? கிளட்ச், ஷாக் அப்சார்பர், பேட்டரி எப்போது மாற்றினார்கள்? வழியில் நின்றது எத்தனை தடவை? பில் இருந்தால் பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒரே பாகத்தைச் சொன்னால் அது வண்டியின் குறை. ஒருவர் மட்டும் சொன்னால், அது அவர் ஓட்டிய விதமாகவும் இருக்கலாம். அடுத்து, அன்னூரிலேயே உதிரி பாகக் கடையில் கேட்க வேண்டும்: எந்தப் பாகம் கையிருப்பில் இருக்கிறது, எதற்குக் காந்திபுரம் வரை வர வேண்டும்? கடைசியாக, ஷோரூமில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்காமல், ஒரு ஆளைப் பின்னால் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

“அப்ப இந்தத் தாளு?” என்றார் தோட்டக்காரர்.

“வெச்சுக்கோங்க. பிரேக்கைப் பத்தி, லைட்டைப் பத்தி என்ன எழுதியிருக்குதுன்னு பையனைப் படிக்கச் சொல்லுங்க. அதிகாலை இருட்டுல போறவரு நீங்க. அது உங்களுக்கு வேணுமுங்க.”

தோட்டக்காரர் அன்றைக்கு வண்டி வாங்கவில்லை. மத்தியானப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார். சாயந்தரம் பக்கத்துத் தோட்டத்துப் பையனின் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனவர், பாலை ஊற்றிவிட்டு உடனே கிளம்பவில்லை. வாசலில் நின்ற வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். சேறு அப்பிய வண்டி ஒன்றின் முன்னால் குனிந்து, மீட்டரில் கிலோமீட்டரைப் படித்துவிட்டு, அதன் சொந்தக்காரரைக் கேட்டார்:

“ஏனுங்க மாப்ள, இதுல இதுவரைக்கும் என்னென்ன மாத்தியிருக்கறீங்க?”