ஆறு பேருக்குச் சோறு

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். நான் சமைப்பது ஆறு பேருக்கு.

அந்த மிச்ச இரண்டு பேர் யார் என்பது அரிசி களையும்போது எனக்குத் தெரியாது. இரவு ஏழு மணிக்கு மேல்தான் தெரியவரும். சில நாள், மகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எங்கே தங்குவது என்று தெரியாமல் நிற்கும் ஒரு கெடாக்கார அம்மா. சில நாள், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு முதியவர். யாரும் வராத நாளும் உண்டு. அன்றைய சோறு மறுநாள் காலையில் நெத்திலி சம்பலோடு நாசி கோரேங் ஆகிவிடும்.

என் கணவர் அம்பாங்கில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகர். சபை என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைவீட்டின் முதல் மாடி, கீழே டயர் கடை. காணிக்கையில் மாடி வாடகையைக் கட்டி மிஞ்சுவதுதான் அவர் சம்பளம். அதனால் நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை செய்கிறேன். அங்கே மட்டும்தான் எனக்குப் பெயர் உண்டு. அம்பாங் திரும்பி ரயிலை விட்டு இறங்கியதும் நான் 'பாஸ்டரம்மா'.

எங்கள் வட்டாரத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கான தேசிய மையம். இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்ததும் நாட்டின் பல மூலைகளிலிருந்து இங்கே அனுப்பிவைக்கிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். கூட வந்தவருக்குத்தான் கோலாலம்பூர் பெரிய காடு. எந்த ரயில், எந்தக் கடையில் சோறு மலிவு, குளிக்க எங்கே போவது, எதுவும் தெரியாது.

யோசித்துப் பார்த்தால் அம்பாங்கே வெளியூர்க்காரர்கள் உண்டாக்கிய ஊர்தான். 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்களில், ஒரே மாதத்தில் 69 பேர் காய்ச்சலில் மடிந்தார்கள். மிஞ்சிய 18 பேருக்கு அன்று யார் சோறு போட்டார்களோ தெரியாது.

என் கணவருக்கு அந்நியர்களோடு பேசும் வித்தை ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான். காலையானால் "பசியாறியாச்சா?" மாலையானால் "சாப்பிட்டாச்சா?" மலாய்க்காரரிடம் "சுடா மாக்கான்?" எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தினமும் கன்டனீஸில் கேட்பதும் இதையேதான். மூன்று இனமும் ஒரே கேள்வியில் தொடங்குகிற நாட்டில் வேறு பேச்சுத் திறமை எதற்கு என்பார் அவர்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். அவர்களாகக் கேட்காமல் எங்கள் வீட்டில் வேதப் புத்தகம் திறக்கப்படுவதில்லை. பத்து நாள் தங்கியிருந்த ஒரு பாட்டி, ஊருக்குக் கிளம்பும்போது இடுப்பு முடிச்சிலிருந்த திருநீற்றை எடுத்து என் மகளின் நெற்றியில் பூசி வாழ்த்தினார். என் கணவர் சிரித்துக்கொண்டே நின்றார். பள்ளிக்குப் போகும்வரை என் மகள் அதை அழிக்கவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பதினாறு வயதுப் பையனுக்குத் தன் அறை என்று ஒன்று இருந்தும் வாரத்தில் இரண்டு நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கும். தலைமுடியைக் கொஞ்சம் வளர்த்தால் "பாஸ்டர் மகன் இப்படி இருக்கலாமா?" என்று ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கேட்பார்கள். மூன்றாம் படிவத்தில் அவனுக்குப் பரிசளிப்பு விழா. அப்பாவுக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தான். அன்று காலை சபையில் ஒரு மரணம். நாற்காலி காலியாகவே இருந்தது. மரணத்தைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் அந்தக் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போனது.

அவன் எஸ்பிஎம் எழுதிய வருடம். மறுநாள் காலை எட்மேத்ஸ் தாள். இரவு பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. என் கணவருக்குப் பின்னால் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் ஓர் இளைஞன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை, கையில் பை எதுவும் இல்லை. "எல்ஆர்டி நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னைக்கு ராத்திரி இங்கேயே தங்கட்டும்" என்றார் இவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

என் மகன் புத்தகத்தை மூடிவிட்டு நின்றான். "இது வீடாப்பா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அந்த இளைஞன் வாசலிலேயே நின்று செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளப் பார்த்தான். நான்தான், "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் இது அவருடைய கேள்வி என்பது எனக்கே உறைத்தது. சோறும் பருப்பும் போட்டேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். மேசையில் இரண்டு தலைகள் ஒரு தாளின் மேல் குனிந்திருந்தன. தூக்கம் வராமல் எழுந்துவந்த என் மகன் ஒரு கணக்கில் மாட்டிக்கொள்ள, தூக்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த இளைஞன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் சத்தமில்லாமல் மைலோ கலக்கி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

இதோடு கதை முடிந்து அப்பாவும் மகனும் ராசியாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தேர்வெல்லாம் முடிந்த அன்று சாப்பாட்டு மேசையில் என் மகன் சத்தம் போடாமல் சொன்னான்: "ஊர்ல எல்லாருக்கும் அப்பா இருக்காரு. எனக்குத்தான் பாஸ்டர் இருக்காரு."

என் கணவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் செய்கிறவருக்குப் பதில் சொல்ல வார்த்தை கிடைக்காமல் போனதை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நாட்களில் சாட் வாரா என்ற ஆங்கிலேயப் போதகரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1935இல், ஊழியத்தின் தொடக்கத்திலேயே, ஒரு சிறுமியை அடக்கம் செய்ய அவரை அழைத்தார்கள். அந்தப் பிள்ளை வயதுக்கு வந்திருக்கிறாள். அது என்னவென்று சொல்ல யாரும் இல்லாததால், ஏதோ பயங்கர நோய் என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த அடக்கம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1953இல் லண்டனில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில், வாழவே பிடிக்காதவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்களை உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். தேநீர் குடித்து அந்தத் தொண்டர்களிடம் பேசிய பலருக்கு, போதகரைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. உடனே வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு பிறந்தது அப்படித்தான். அதே வழியில் 1970இல் கோலாலம்பூரில் தொடங்கியதுதான் 'பிஃப்ரெண்டர்ஸ்'. அங்கே யாரும் போதிப்பதில்லை. கேட்கிறார்கள், அவ்வளவுதான். மனது தாங்காத நேரம் யாருக்கும் வரலாம். அவர்களுடைய எண் 03-7627 2929. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாராவைவிட அவர் மனைவி சூசனைப் பற்றித்தான் யோசனை ஓடியது. ஐந்து பிள்ளைகள், அதில் மூன்று ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். ஊரில் உள்ளவர்களின் துயரத்தையெல்லாம் கேட்டுவிட்டுக் கணவர் வீடு திரும்பும்போது, அந்த அம்மாவின் துயரத்தை யார் கேட்டிருப்பார்கள்?

அதன் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை கைத்தொலைபேசி அரிசி டின்னுக்குள் இருக்கும். சபையிலும் சொல்லிவிட்டோம். "அவசரம் என்றால்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அவசரம் என்றால் மூப்பர் இருக்கிறார்" என்று என் கணவரே பதில் சொன்னார். முதல் சில வாரம் அந்த மூன்று மணி நேரத்தில் என்ன பேசுவதென்று எங்கள் நாலு பேருக்குமே தெரியவில்லை. ஊரார் கதையெல்லாம் கேட்டுப் பழகியவர், பெற்ற மகனிடம் எங்கே தொடங்குவது என்று தடுமாறினார். ஒரு செவ்வாய் இரவு, "எட்மேத்ஸ்ல எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டார். தேர்வு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. என் மகன் சிரித்துவிட்டான். எங்கள் வீட்டில் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

என் அலுவலகம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்கான மலேசிய சங்கம் பல காலமாக இயங்கி வருகிறது. அதனால் வெள்ளைக் கோலோடு சாலையைக் கடக்கிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய கையைப் பிடித்து, நல்ல காரியம் செய்யும் வேகத்தில், இழுத்துக்கொண்டு போனேன். அவர் நின்றுவிட்டார். "அம்மா, இழுக்காதீங்க. உங்க முழங்கையைக் கொடுங்க. நான் பிடிச்சிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து முழங்கையைத்தான் நீட்டுகிறேன். பிடிப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. வளர்ந்த மகனிடமும் அப்படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கிறிஸ்துமஸ் நாளில், அந்த இளைஞன் வந்தான். ஆரஞ்சுப் பழமும் ஒரு முறுக்கு டின்னும் கொண்டுவந்தான். பேராக்கில் வேலை கிடைத்துவிட்டதாம். சாப்பிட்டு முடித்ததும், என் மகனைப் பார்த்துச் சொன்னான்: "தம்பி, அன்னைக்கு ராத்திரி நான் ரயிலுக்காக அங்கே உட்காரலை. வேலை போயிருச்சு. கடன். வீட்டுக்குப் பணம் அனுப்பி மூணு மாசம். தினமும் சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி கிளம்பிருவேன். அன்னைக்குத் திரும்பிப் போறதா இல்லை. அங்கிள் வந்து பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு. இல்லைன்னு சொன்னேன். வேற எதுவுமே கேட்கலை. விடியக்காலையில நீ அந்தக் கணக்கோட வந்த. எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு இன்னும் ஒருத்தனுக்குத் தேவைப்படுதேன்னு நினைச்சேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். இரண்டு வருடமாக என்னிடம்கூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மகன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டான். தட்டுகளைக் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பொதுவாக அவன் தட்டுக் கழுவுகிறவன் அல்ல.

இதை எழுதட்டுமா என்று அந்த இளைஞனிடம் கேட்டேன். "பேர் மட்டும் வேணாம் ஆன்ட்டி" என்றான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பல்கலைக்கழக விடுமுறைக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மீன் கறி, அப்பளம், அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் பிரட்டல். எட்டரை மணிக்கு அரிசி டின் அதிர்ந்தது. யாரும் அசையவில்லை. நின்றது. என் கணவர் அடுத்த கவளத்தை எடுத்தார். மறுபடியும் அதிர்ந்தது. அவர் விரல்கள் தட்டிலேயே நின்றன. தலையை நிமிர்த்தவில்லை. சட்டம் சட்டம்தான் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

என் மகன்தான் எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு, டின்னைத் திறந்து, தொலைபேசியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அப்பாவிடம் நீட்டினான்.

"எடுங்கப்பா. ரெண்டாவது தடவை அடிக்குது."

மருத்துவமனை வாசலில் யாரோ நிற்கிறார்களாம். ஜொகூரிலிருந்து வந்தவர்களாம். என் கணவர் சாவியைத் தேடினார். அதற்குள் என் மகன் செருப்பை மாட்டியிருந்தான். "நானும் வர்றேன்" என்றான்.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். நான் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.