பழைய வண்டியும் புதிய டாங்கியும்

சித்தன்னவாசலில் எம் பாட்டனார் இல்லத்து முற்றத்தில் 1966-ஆம் ஆண்டின் அம்பாசடர் வண்டியொன்று உண்டு. அதன் பெட்ரோல் டாங்கி துருவேறிக் கசியத் தொடங்கிற்று. "ஓட்டையைப் பற்றவைத்தால் போதும், பழமை கெடலாகாது" என்றார் பாட்டனார். "ஐயா, நிறைந்த டாங்கியினும் காலி டாங்கியே கொடியது, உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியால் வெடிக்கும்" என மெக்கானிக் மறுத்தார்.

எனவே புதியதொன்று வருவித்தோம். முதற்கண் பாட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சிய பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்தோம். அதன் ஆவி காற்றினும் கனமாதலின் தாழ்விடத்தே தேங்கும். ஆதலால் அடுப்பும் பீடியும் அருகே வாராமற் காத்தோம். மிதவைக்குப் புது வாஷர் இட்டு, அளவுமானிக்கு எர்த் கிடைக்குமாறு சிறிதிடம் வர்ணம் சுரண்டி, டாங்கியை முடுக்கினோம். பழந்துரு கார்புரேட்டரை அடையாதவாறு குழாயையும் பம்பின் வலையையும் கழுவினோம்.

வண்டி ஓடிற்று, பாட்டனார் முகமோ வாடியிருந்தது. யாம் அறிவர் கோயிற் கல்வெட்டை நினைவூட்டினோம். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தே, மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அக்குடைவரையின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்தார். அதனால் கோயில் வேறாயிற்றோ?

பாட்டனார் சற்றே நகைத்து, சாவியை எம் கையிற் கொடுத்தார்.