"கல்யாணம் ஆயிடுச்சா?"

விடியற்காலையில் ஒரகடம் கூட்ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குவதும் ஏறுவதும் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் பிள்ளைகள். வடக்குப்பட்டிலிருந்து நடந்து போகும் நாங்கள் நாலைந்து கிழவர்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். "முப்பது வயசுக்காரி ஒருத்தியும் கண்ணுல படலையே" என்று ஒருநாள் கேட்டேன். "அதான் பேப்பர்லயே வந்துச்சே" என்றார் நண்பர்.

ஆமாம், வந்தது. 2024 ஜூன் 25-ஆம் தேதி ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில், கல்யாணமான பெண்களுக்கு அசெம்பிளி வேலை தருவதில்லை என்பதுதான் சாரம். குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, லீவ் அதிகம் எடுப்பார்கள் என்று காரணங்கள். ஆள் எடுப்பதில் 2022-ல் சில குறைகள் இருந்தன, அவற்றைச் சரிசெய்தோம் என்றும், புதிதாகச் சேர்த்த பெண்களில் நாலில் ஒரு பங்கு கல்யாணமானவர்கள் என்றும் நிறுவனத்தின் பக்கம் பதில் வந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுகளின் விளம்பரங்களில் வயது, பால், திருமணம் பற்றி எதுவும் போடக்கூடாது என்று நிறுவனம் சொல்லிவிட்டதாக அந்த வருடக் கடைசியில் செய்தி வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் சொன்னார்: "காசு என்னது, மெஷின் என்னது. நஷ்டம் வந்தா கவர்மென்ட் கட்டுமா? யாரை வேலைக்கு வச்சுக்கணும்னு எனக்கு உரிமை இல்லைன்னா, அப்புறம் என்னய்யா சுதந்திரம்?"

இதை அசட்டுப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டமே 19-வது பிரிவில் கொடுத்திருக்கிறது. வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு என்கிற 16-வது பிரிவு அரசாங்க வேலையைப் பற்றித்தான் பேசுகிறது. தனியாரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். லிபெர்த்தே, எகாலித்தே, ஃப்ரத்தெர்னித்தே என்று மூன்று சொல்லை மூச்சுவிடாமல் சொல்லப் பழக்கினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். சின்ன வயதில் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் என்று நினைத்தேன். முதல் இரண்டும் அடிக்கடி சண்டை போடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் 1789-ஆம் வருடத்து மனித உரிமைப் பிரகடனத்தில் சுதந்திரத்துக்கே ஒரு எல்லை கட்டியிருக்கிறார்கள்: அடுத்தவனுக்குத் தீங்கு வராத வரைக்கும்தான் அது சுதந்திரம். ஆகவே கேள்வி, சுதந்திரமா சமத்துவமா என்பதல்ல. யாருடைய சுதந்திரம், யாருக்குத் தீங்கு என்பதுதான்.

இந்த வழக்கு புதியதும் அல்ல. பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில், மருந்து அடைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி இருந்தது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. வேலை குழுவாக நடப்பது, கல்யாணமான பெண்கள் அடிக்கடி லீவ் போட்டால் குழு நின்றுவிடும் என்று முதலாளி வாதாடினார். 1965-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரசவ லீவுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம், அதற்காக விதி தேவையில்லை என்று ரத்து செய்தது. அறுபது வருடம் கழித்தும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே காலத்தில் ஏர் பிரான்ஸ் விமானப் பணிப்பெண்களுக்கும் இப்படி ஒரு நிபந்தனை இருந்தது. 1963-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. நம் ஏர் இந்தியா வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் பாதிதான் வந்தது. முதல் பிரசவத்தோடு வேலை போகும் என்ற விதியை அடித்தது. சேர்ந்த நாலு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்பதை விட்டுவைத்தது. கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில்தான். நியாயம் கிடைத்தது, இளமை கிடைக்கவில்லை.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. 1976-ஆம் வருடத்துச் சம ஊதியச் சட்டம், ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாது என்றது. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தை அது வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஆண் பிள்ளையிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்டால் அது ஆண் பெண் பேதம் இல்லாமல் வேறு என்ன?

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. பிரசவ லீவு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, முதலாளி தலையில் பாரம் ஏறிவிட்டது என்கிறார்கள். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அது சரி. அதற்குள் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐயில் வருவார்கள். லைனில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்குப் பிரசவ காலச் சம்பளத்தை இஎஸ்ஐ கார்ப்பரேஷன் கொடுக்கிறது, கம்பெனி அல்ல. கம்பெனி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். அது ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான், தாலி கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதேதான். மிஞ்சுவது மாற்று ஆள் போடும் சிரமம். அந்தச் சிரமம் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் இருந்தபோது பிரசவ லீவு மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். ஒருவர் லீவில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அந்த ஃபைலையும் பார்ப்பார். ஆபீஸ் இழுத்து மூடப்படவில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் டிப்ளமோ படித்தவள். இரண்டு வயதுக் குழந்தை. மாமியார் கூடவே இருப்பதால் ஷிப்டுக்குப் போகத் தடையில்லை. ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டிடம் போனாள். முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டாவது கேள்வி இல்லை. அவள் கிளம்பும்போது அவரே குரலைத் தாழ்த்தி, "மெட்டியைக் கழட்டிட்டு, கல்யாணம் ஆகலைன்னு எழுதிக் குடு, பார்க்கலாம்" என்றாராம். அவள் மாட்டேன் என்று வந்துவிட்டாள். ஏனம்மா என்று கேட்டேன். "பொய் சொல்லி உள்ள போயிட்டா, குழந்தைக்கு ஜுரம்னு ஒருநாள் லீவ் கேக்க முடியுமா ஐயா? கேட்டா மாட்டிக்குவேனே" என்றாள்.

முதலாளியின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தையும் தராசில் வைக்க வேண்டும். எப்போது கல்யாணம், எப்போது பிள்ளை என்பது ஒரு மனுஷியின் சொந்த வாழ்க்கை. அதில் கம்பெனி கை வைப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது.

என் வீட்டுக்கு யாரைச் சாப்பிடக் கூப்பிடுவது என்பதில் அரசாங்கம் தலையிட்டால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். நண்பரின் பட்டறைபோல அப்பனும் பிள்ளையும் வேலை செய்யும் இடத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்காவில் 1964-ஆம் வருடச் சட்டம்கூடப் பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடுவதில்லை. ஆனால் சிப்காட் கொடுத்த நிலத்தில், அரசு போட்ட ரோட்டில், அரசுச் சலுகை வாங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கும் ஆலை யாருடைய வீடும் அல்ல. அந்த நிலம் இந்தச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்தது. எடுக்கும்போது "வீட்டுக்கு வீடு வேலை" என்றுதான் பேச்சு. கல்யாணமாகாத வீடு என்று யாரும் சொல்லவில்லை.

கை வேகம் இருக்கிறதா, கண் பார்வை சரியா, ஷிப்டுக்கு வர முடியுமா என்று கேட்கட்டும். வர முடியாதவரை வேண்டாம் என்று சொல்லட்டும். அந்தச் சுதந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. வர முடியுமா முடியாதா என்பதை மட்டும் அந்தப் பெண்ணே சொல்லட்டும். அவள் காலில் கிடக்கும் மெட்டி சொல்ல வேண்டாம்.