அப்பாவின் பெயரில் ஒரு தேடல்

வால்டோர்ஃப் என்றால் எல்லோருக்கும் எஸ்ஏபி நினைவுக்கு வரும். நான் வந்து சேர்ந்தது அதன் நிழலில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில். முதல் குளிர்காலத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள்: பழைய யூனிக்ஸ் இயந்திரத்திலிருந்து பணியாளர் டைரக்டரியைக் கட்டளை வரியில் தேட வழி செய்ய வேண்டும்.

ரூட் அனுமதி கிடையாது. ஓப்பன்எல்டாப் மூலநிரலை இறக்கி, என் ஹோம் அடைவுக்குள்ளேயே நிறுவும்படி பாதை கொடுத்தேன். சர்வரை விலக்கிவிட்டால் கிளையன்ட் கருவிகள் மட்டும் உருவாகும். கான்ஃபிகர், மேக் டிபெண்ட், மேக், மேக் இன்ஸ்டால். ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்கள் இருக்கும் இடத்தைக் காட்டாததால், முதல் தடவை டிஎல்எஸ் இல்லாமலே சத்தமில்லாமல் கட்டி முடிந்தது. சர்வர் பேச மறுத்தது. இடத்தைக் காட்டி மறுபடி கட்டி முடித்தபோது வெளியே இருட்டிவிட்டது.

எல்டாப்சர்ச் ஓடியதும், யாரும் செய்வதைத்தான் செய்தேன். 'எஸ்என்' என்ற குடும்பப் பெயர்ப் புலத்தில் என் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அப்பாவின் பெயரைப் போட்டேன். நான் வந்தேன்.

1988இன் எக்ஸ்.500 தரத்திலிருந்து எல்டாபுக்கு வந்த விதி அது. ஒருவரை 'பெர்சன்' என்று பதிய இரண்டு புலங்கள் கட்டாயம்: பொதுப் பெயர், குடும்பப் பெயர். தொலைபேசி எண் இல்லாமல் இருக்கலாம், கடவுச்சொல்கூட இல்லாமல் இருக்கலாம். தலைப்பெழுத்தோடு வளர்ந்தவனுக்கு அங்கே இடமில்லை.

அப்பாவின் பெயரை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வாள். அப்பா போன பிறகு மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தாள். பார்சல் கொண்டுவந்தவர் வாசலில் 'ஹெர்' சேர்த்து அந்தப் பெயரைச் சொன்னதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென எழுந்து நின்றுவிட்டாள்.

"இங்க எல்லாரும் அவரைத்தான் கூப்பிடறாங்களா?"

பிறகொரு நாள், காட்சிப் பெயர்ப் புலத்தில் என் பெயரைத் தமிழில் இட்டுப் பார்த்தேன். எல்டாப் ஏற்றுக்கொண்டது. எல்டாப்சர்ச் மட்டும் அதை பேஸ்64 குறிகளாக்கிக் காட்டியது. '4கே6' என்று தொடங்கியது. யுடிஎஃப்-8இல் எந்தத் தமிழ்ப் பெயரும் அப்படித்தான் தொடங்கும், உங்களுடையதும்.

இதே ஊரில் 1763இல் பிறந்த யோஹான் யாகோப் ஆஸ்டர், அமெரிக்கா போய் ஜான் ஜேக்கப் ஆனார். அவர் வம்சத்தார் நியூயார்க்கில் கட்டிய வால்டோர்ஃப் ஹோட்டலின் பெயரில் ஊரின் ஒரு 'எல்' தொலைந்துபோனது. கடல் தாண்டும் பெயர் வழியில் எதையாவது சிந்தத்தான் செய்யும்.

என் மகளுக்கும் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவானது. ஊரில் என்றால் என் பெயரின் முதலெழுத்து அவளுக்குத் தலைப்பெழுத்தாகியிருக்கும். இங்கே என் பெயர் என்னோடு நின்றுவிடும். அப்பாவின் பெயர் தொடரும்.

எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அம்மாவுக்கு இல்லை.